ஊசி போட்டு தோள் போன சனத்துக்கு நட்டஈடு வேணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரை நான் கனகாலமா வாசிக்கிறன். சுகாதாரப் பக்கத்தில எந்த வயசில எந்த ஊசி போடோணும், போடாட்டி என்ன வருத்தம் வரும் எண்டெல்லாம் விளக்கமா எழுதுறீங்கள், அது கட்டாயம் தேவை. ஆனா ஊசி போட்ட இடம் பிழைச்சு தோள்மூட்டு இறுகிப்போய் கை தூக்கேலாமல் இருக்கிற ஆக்களைப் பற்றியோ, அவைக்கு ஆர் நட்டஈடு குடுக்கிறது எண்டதைப் பற்றியோ ஒரு வரி கூட நான் இன்னும் காணேல்லை. அதுக்காகத்தான் இதை எழுதுறன். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டாமல் போட்டா நல்லது.

நான் ஊசிக்கு எதிரான ஆள் இல்லை, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். சண்டை நடந்த காலத்திலயே போலியோ சொட்டு மருந்து குடுக்கிறதுக்காக துவக்குச் சத்தம் நிண்ட நாளைக் கண்ட சனம் நாங்கள். இலங்கையில கடைசியாப் போலியோ வந்தது 1993ல, சின்னமுத்து இல்லாமப் போச்சுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, இதெல்லாம் சும்மா வந்ததில்லை, ஒவ்வொரு கிராமத்திலயும் குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிள்லயும் மோட்டச்சைக்கிள்லயும் வீடுவீடாத் திரிஞ்சு வந்தது. என்ர பிள்ளையளுக்கு ஒரு ஊசியும் தவறவிடேல்லை. ஏற்பூசி, அதுதான் டெட்டனஸ் ஊசி, போடாமல் ஆராவது வயலுக்குள்ள வெட்டுக்காயத்தோட நிண்டா நானே ஏசி அனுப்புவன். ஊசியை நம்பிக் கையை நீட்டின ஒருத்திக்கு அந்தக் கையிலயே கேடு வந்தா அவளை நடுறோட்டில விடக்கூடாது எண்டுதான் நான் கேக்கிறன், வேற ஒண்டுமில்லை.

என்ர பெரியம்மாட மகள், நான் அக்கா எண்டு கூப்பிடுறவ, புருசனை 2009ல இழந்தவ, வீட்டில தையல் மெசின் வைச்சுச் சட்டை தைச்சுத்தான் ரெண்டு பிள்ளையளையும் படிப்பிச்சவ. அவவுக்கு இடது தோளுக்குள்ள ஷெல் பீஸ் இருக்கு, எடுக்கேலாத இடம் எண்டு விட்டுட்டினம். வேலிக்கு முள்ளுக்கம்பி இழுக்கேக்க காலில கீறிப்போட்டுது எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ, ஏற்பூசி போடோணும் எண்டு சொல்ல, இடது பக்கம் ஏற்கனவே பழுது எண்டு நல்ல கையை, வலதுகையை நீட்டினவ. அண்டைக்கு ஊசி அறையில சரியான சனம். அக்கா போட்டிருந்தது கை இறுக்கமான சட்டை, கையை மேல சுருட்ட ஏலாது, அதால கழுத்துப் பக்கத்தை இழுத்துக் கீழ இறக்கி தோளைக் காட்டினவ, ஊசி போட்ட மிஸி நிண்டபடி, அக்கா கதிரையில இருந்தபடி. ஊசி இறங்கினது தோள் எலும்புக்கு ஒட்டினாப் போல, மேல. போட்ட உடனயே உள்ளுக்குள்ள எலும்பில பட்டமாதிரிக் குத்தினது எண்டு அக்கா சொல்லுறா. "மிஸி, சரியா நோகுது" எண்டு கேட்டிருக்கிறா, "ரெண்டு நாளில மாறிடும் அம்மா, பனடோல் போடுங்கோ" எண்டு அவவும் சொல்லியிருக்கிறா. அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லுறது, பொதுவா மாறுறதும் உண்மைதான்.

அக்காவுக்கு மாறேல்லை. அண்டு இரவு அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க ஏலேல்லை. பரியாரியாரிட்ட எண்ணெய் வாங்கிப் பூசி, புக்கை கட்டி, பிறகு கிளினிக்குக்குப் போய் குளிசை எடுத்து, மாசக்கணக்காப் போச்சுது. சட்டைக்குப் பின்னால ஊக்கு கொழுவ ஏலாது, கொடியில உடுப்புப் போட ஏலாது, மேல தட்டில இருக்கிற சீனிப் பேணியை எடுக்க மகளைக் கூப்பிடோணும். கிணத்தில வாளி இழுக்கிறது ஷெல் பீஸ் இருக்கிற இடது கையால. தையல்ல மெசின் ஓட்டுறதை விடக் கத்தரிக்கோல் பிடிச்சுத் துணி வெட்டுறதுதான் அவவால ஏலாது, முழங்கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கி மேசையில கையை ஓடவிடோணுமே, அதில விழுந்ததுதான் அவவின்ர வருமானம். பள்ளிக்கூட யூனிஃபோம் தைக்கிற சீசன் முழுக்க ஓடரைத் திருப்பி அனுப்பினவ.

இது அக்காட ராசிப் பலனோ உடம்புப் பலவீனமோ இல்லை ஐயா, மருத்துவத்தில பேர் வைச்ச காயம். கையின்ர மேற்பக்கம் டெல்ட்டோயிட் எண்டு ஒரு தசை இருக்கு, ஊசி மருந்து அந்தத் தசைக்குள்ள போகோணும். அதுக்கு மேல, தோள் எலும்பின்ர நுனிக்குக் கீழ, பேர்சா எண்டு சொல்லுற சின்னப் பை ஒண்டு இருக்கு, மூட்டு உரசாமல் வழுக்கி அசையிறதுக்கு. ஊசி ரெண்டு மூண்டு விரல் கீழ போகாமல் மேல போனாலோ, மெல்லிய ஆக்களுக்கு நீளமான ஊசியால ஆழமாக் குத்தினாலோ மருந்து அந்தப் பைக்குள்ள போயிடும். தடுப்பு மருந்து எண்டா உடம்பைத் தூண்டி எதிர்ப்புச் சக்தியை எழுப்பத்தானே செய்ததுகள், அந்த எழுப்பல் தசையில நடக்காமல் மூட்டுக்குள்ள நடந்தா அங்க வீக்கம், நோ, பிறகு மூட்டே இறுகி ஃப்ரோசன் ஷோல்டர். சாதாரண ஊசி நோ ரெண்டு மூண்டு நாளில போயிடும், இது போகாது, நாளுக்கு நாள் கை தூக்கிற அளவு குறையும். ஊசி போடுறவரும் போடுவிக்கிறவரும் ரெண்டு பேரும் இருந்தபடி போட்டா, சட்டையைக் கழுத்தால இழுக்காமல் சட்டைக் கையை முழுசாக் கழட்டினா, கையை இடுப்பில வைச்சு முழங்கையை விரிச்சுப் பிடிச்சா இதில பெரும்பகுதி வராமலே பண்ணலாம். செலவு ஒரு கதிரை.

இதுக்கு அமெரிக்காவில சுருக்கமா சிர்வா எண்டு பேர், தடுப்பூசி குத்தினதால வந்த தோள் காயம் எண்டு கருத்து. அந்தப் பேர் வந்த கதை எனக்குப் பெரிய விசயமாப் படுது. அங்க 1986ல பாராளுமன்றம் மாதிரி அவையின்ர கொங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது, 1988ல இருந்து தடுப்பூசிக் காயத்துக்கு நட்டஈடு குடுக்கிற திட்டம் நடக்குது. தோள் நோவெண்டு அந்தத் திட்டத்துக்கு மனுப்போட்ட 13 பேரின்ர ஃபைல்களை, அந்தத் திட்டத்தில வேலை செய்த டொக்டர்மாரே எடுத்து ஒப்பிட்டுப் பாத்தவை, கனபேருக்கு ஊசி போட்ட உடன அல்லது ஒரு நாளுக்குள்ள நோ தொடங்கியிருக்கு, எல்லாம் ஒரே மாதிரி. அதை 2010ல கட்டுரையா எழுதேக்கதான் சிர்வா எண்ட பேர் வந்தது. 2012ல அங்கத்தைய மருத்துவ நிறுவகம் ஊசி குத்துறதால இந்தப் பையில வீக்கம் வரும் எண்டதை உறுதியா ஏற்றுக்கொண்டது, 2017 மார்ச்சில நட்டஈட்டு அட்டவணையிலயே சேர்த்தாச்சு. பாருங்கோ, சனம் போய் முறையிட ஒரு கதவு இருந்தபடியாத்தான் டொக்டர்மாருக்கே இப்பிடி ஒரு காயம் இருக்கெண்டு தெரிய வந்தது. எங்கட பக்கம் கதவு இல்லை, அதால காயமும் இல்லை எண்டு கணக்கு.

அந்த அட்டவணைதான் சட்டத்தின்ர உயிர். ஊசி போட்டு 48 மணித்தியாலத்துக்குள்ள நோ தொடங்கியிருக்கோணும், அதுக்கு முதல் அந்தத் தோளில வருத்தம் இருந்திருக்கக்கூடாது, நோவும் அசைவு குறைவும் ஊசி போட்ட தோளில மட்டும் இருக்கோணும், வேற காரணம் ஒண்டும் விளக்கமா இருக்கக்கூடாது. இவ்வளவும் பொருந்தினா ஊசியாலதான் வந்தது எண்டு சட்டமே எடுத்துக்கொள்ளும், நோயாளி விஞ்ஞானம் படிச்சு நிரூபிக்கத் தேவையில்லை. காயம் 6 மாசத்துக்கு மேல நீடிச்சிருக்கோணும் எண்டும், முதல் நோ தொடங்கி 3 வருசத்துக்குள்ள மனுப் போடோணும் எண்டும் இருக்கு. மனு போடுறது ஊசி போட்ட நேர்ஸுக்கு எதிரா இல்லை, கொம்பனிக்கு எதிராவும் இல்லை, அரசாங்கத்தின்ர சுகாதாரச் செயலாளருக்கு எதிரா. காசு வாறது ஒவ்வொரு ஊசி மருந்திலயும் அது தடுக்கிற ஒவ்வொரு வருத்தத்துக்கும் 75 சதம் எண்டு அறவிடுற வரியில இருந்து. நோவுக்கும் மனவேதனைக்கும் ஆகக்கூடினது 250,000 டொலர், அதைவிட இழந்த சம்பளம், வைத்தியச் செலவு புறம்பு. நியாயமான காரணத்தோட போட்ட மனு தோத்தாக்கூட சட்டத்தரணியின்ர காசை அந்த நிதியே குடுக்கும், அதால ஏழை ஆளுக்கும் சட்டத்தரணி கிடைக்கும். 1988ல இருந்து 5 பில்லியன் டொலருக்கு மேல குடுத்தாச்சு, பிந்தின வருசங்களில வாற மனுக்களில பாதிக்கு மேல தோள் காயம்தான்.

அங்கயும் எல்லாம் சுகமில்லை, அதையும் சொல்லோணும். எந்தக் கையில போட்டதெண்டு ஆஸ்பத்திரிப் பதிவில மாறி எழுதியிருக்கும், அதில பெரிய வாக்குவாதம் நடக்கும். டொக்டரிட்ட பிந்திப் போனவைக்கு 48 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினது எண்டு காட்டுறது கஷ்டம், ஆனா வீட்டுக்காரர், கூட வேலை செய்யிற ஆக்கள் எழுதிக் குடுக்கிற சத்தியக் கடதாசியையும் எடுத்துப் பாப்பினம். 2020ல இது ஊசி மருந்தின்ர பிழை இல்லை, ஊசி குத்தின முறையின்ர பிழை எண்டு சொல்லி தோள் காயத்தை அட்டவணையில இருந்து தூக்கப் பாத்தவை, 2021 ஜனவரியில உத்தரவும் போட்டவை, பிறகு புது அரசாங்கம் வந்து ஏப்ரலில அதை ரத்தாக்கினது. தூக்கியிருந்தா என்ன நடந்திருக்கும், காயப்பட்ட சனம் முழுக்க ஊசி போட்ட நேர்ஸ்மாரையும் பாமசிக்காரரையும் கோட்டுக்கு இழுத்திருக்கும். கோவிட் ஊசி இந்தத் திட்டத்துக்குள்ள வராது, அதுக்கு வேற ஒரு திட்டம், ஒரு வருசத்துக்குள்ள போடோணும், குடுக்கிறதும் அருமை.

வெளிநாட்டில எங்கட ஆக்கள் இருக்கிற மற்ற இடங்களும் இருக்கு. லண்டன் பக்கம் 1979ல வந்த சட்டம், ஒரேயடியா 120,000 பவுண் குடுக்கும், ஆனா 60 வீதம் உடம்பு ஏலாமல் போயிருக்கோணும், தோள் பிடிச்ச ஆளுக்கு அந்த அளவைக் காட்டுறது பெரும்பாடு. கனடாவில 2021ல நாடு முழுக்கத் திட்டம் வந்தது, அதுவும் பாரதூரமான நிரந்தரக் காயத்துக்குத்தான், கியூபெக் மாகாணம் மட்டும் 1985லயே தொடங்கிட்டுது. ஆசியாவில ஜப்பான், தைவான், தென்கொரியாவிலயும் கனகாலமா இருக்கு. இதில ஒண்டு கவனம்: அமெரிக்கத் திட்டம் பொதுவா அந்த நாட்டில போட்ட ஊசிக்குத்தான், இங்க வன்னியில போட்ட ஊசிக்கு அங்க கேக்கேலாது. ஆராவது வந்து ஃபோம் நிரப்பித் தாறன், டொலரில வரும், இவ்வளவு காசு தாங்கோ எண்டு கேட்டா ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

எங்கட நாட்டில என்ன இருக்கு? தடுப்பூசிக் காயத்துக்கெண்டு தனிச்சட்டம் இல்லை. கவனயீனம் எண்டு மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போடலாம், அரச ஆஸ்பத்திரியெண்டா அரசாங்கத்தைப் பொறுப்பாக்க 1969ம் ஆண்டின் 22ம் இலக்கச் சட்டம் இருக்கு, அதுக்கு முதல் சட்டமா அதிபருக்கு ஒரு மாச நோட்டீஸ் அனுப்போணும். ரெண்டு வருசத்துக்குள்ள போடாட்டி காலாவதி, அது 1871ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். இறுகின தோள் இளகவே ஒண்டு ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும், இண்டைக்கு மாறும் நாளைக்கு மாறும் எண்டு சனம் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கேக்க காலம் போயிடும். சரி போட்டாலும் என்ன நிரூபிக்கோணும் தெரியுமோ, மிஸி பிழை விட்டவ எண்டும், அந்தப் பிழையாலதான் தோள் போனது எண்டும், ரெண்டையும்.

பிள்ளையளுக்கு வைத்தியம் பாத்த டொக்டர் பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கு எண்டு ஒண்டு இருக்கு, இந்த நாட்டில மருத்துவக் கவனயீனம் எண்டு கதைச்சா முதல்ல சொல்லுற வழக்கு அதுதான். மகளைப் பறிகுடுத்த தகப்பன் போட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா குடுக்கச் சொன்னது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 250,000 ரூபாவாக் குறைச்சது, உயர் நீதிமன்றம் 2001ல அதையும் இல்லாமல் ஆக்கிப்போட்டுது, ஏனெண்டா கவனயீனத்தாலதான் பிள்ளை செத்தது எண்டு நிரூபிக்கப்படேல்லை. அந்தத் தகப்பன் ஒரு பெரிய சட்டத்தரணி ஐயா. சட்டம் தெரிஞ்ச கொழும்பு ஆளுக்கே இந்தப் பாடெண்டா முத்தையன்கட்டுப் பக்கம், மல்லாவிப் பக்கம் இருக்கிற ஒரு தையல்காரி என்ன செய்வா. அக்காட ஆஸ்பத்திரித் துண்டில திகதி இருக்கு, ஏற்பூசி எண்டு எழுதியிருக்கு, எந்தக் கையெண்டு இல்லை, போட்டது ஆர் எண்டும் இல்லை. இதை வைச்சு என்ன வழக்குப் பேசுறது?

அதைவிட, எனக்கு அந்த மிஸியைக் கோட்டில ஏத்த விருப்பமும் இல்லை, அக்காவுக்கும் இல்லை. ஒரு மிஸி நூறு பேருக்கு நிண்டு குத்திற நாளில கை ரெண்டு விரல் மேல போறது ஆரின்ர பிழை? அவவுக்கு ஒரு கதிரை குடுக்காத ஆக்களின்ர பிழையும் அதில இருக்கு. எங்கட ஊர்ப் பெட்டையள்தான் கஷ்டப்பட்டுப் படிச்சு நேர்ஸா வந்து நிக்கிறதுகள், அதுகளைப் பயப்படுத்தினா நாளைக்கு ஊசி போட ஆள் இருக்காது. அதால பிழை ஆர்ட எண்டு தேடாத நட்டஈடு வேணும். இது இந்த நாட்டுக்குப் புதுசும் இல்லை. யானை வந்து வீட்டை உடைச்சா, ஆளை அடிச்சா வனசீவராசிகள் திணைக்களம் நட்டஈடு குடுக்குதே, எந்த உத்தியோகத்தர் யானையை விட்டவர் எண்டு கேட்டே குடுக்குது? வெள்ளத்தில நெல்லு அழிஞ்சா கமநலக் காப்புறுதி இருக்கு, எந்த இஞ்சினியர் இரணைமடுக் குளத்துக் கதவைப் பிந்தித் திறந்தவர் எண்டு கமக்காரன் நிரூபிக்கத் தேவையில்லை. நாட்டுக்கு நன்மை எண்டு அரசாங்கமே கூப்பிட்டுப் போடுற ஊசியில வந்த காயத்துக்கு மட்டும் ஏன் தனிய வழக்காடச் சொல்லுறியள்?

அமெரிக்கச் சட்டத்தை அப்பிடியே கொப்பி அடிச்சாலும் வன்னிக்குச் சரிவராது, இதை நான் அழுத்திச் சொல்லுறன், ஏனெண்டா கொழும்பில இருந்து சட்டம் எழுதுறவைக்கு இது தெரியாது. முதல் அந்தத் தோளில வருத்தம் இருந்திருக்கக்கூடாது எண்டு ஒரு நிபந்தனை சொன்னன் எல்லோ. இங்க எத்தினை பேரின்ர தோளில, கையில, நாரியில ஷெல் பீஸும் ரவையும் இருக்கு, எத்தினை பேர் பங்கர் இடிஞ்சு எலும்பு முறிஞ்சு சரியா வைத்தியம் பாக்காமல் பொருத்தினவை. அவையின்ர தோளில எப்பவும் ஒரு பழைய நோ இருக்கத்தான் செய்யும். அவை ஊசிக்குப் பிறகு கை தூக்கேலாமப் போனா, உனக்கு முதலே வருத்தம் இருந்தது தானே எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினா சண்டையில பட்ட காயத்துக்கு ரெண்டாம் தரம் தண்டனை குடுக்கிற மாதிரி. முதல் எவ்வளவு தூக்கினவர், இப்ப எவ்வளவு தூக்கிறார் எண்டு பாத்து, கூடின பாதிப்புக்குக் குடுக்கோணும்.

அடுத்தது ஸ்கேன். அமெரிக்காவில கனபேர் எம்ஆர்ஐ எடுத்துக் காட்டுவினம். உடம்பில இரும்புத் துண்டு இருக்கிற ஆளை அந்தக் காந்த மெசினுக்குள்ள விடுறதுக்கு டொக்டர்மார் யோசிப்பினம், அது அசையும், சூடேறும் எண்டு. அக்காவுக்கு வலது தோளைப் பாக்கோணும், இடது தோளில பீஸ், அதால எம்ஆர்ஐ வேண்டாம் எண்டிட்டினம். பிறகு ஒலி அலை ஸ்கேன்தான் பாத்தது, அதில வீக்கம் தெரிஞ்சது. ஆனபடியா எம்ஆர்ஐ ரிப்போட் இல்லாட்டி மனு செல்லாது எண்டு ஒரு விதி வந்தா வன்னியில பாதிப் பேருக்கு வாசல் அடைபட்ட மாதிரித்தான். ஒலி அலை ஸ்கேனும், டொக்டர் கையைப் பிடிச்சு எவ்வளவு தூக்கேலுது எண்டு அளந்து எழுதின துண்டும் போதும் எண்டு இருக்கோணும்.

48 மணித்தியாலமும் அப்பிடித்தான். ஊசி நோவெண்டு மற்ற நாளே திருப்பி பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போற சனமோ நாங்கள், உள்ளுக்கு ஒரு கிராமத்தில இருந்து மெயின் றோட்டுக்கு வரவே அரைநாள் போயிடும், நாட்சம்பளம் போயிடும். அதால ஊருக்கு வாற குடும்பநல உத்தியோகத்தரிட்டயோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீஎச்ஐட்டயோ சொன்னா அவை ஒரு புத்தகத்தில திகதி போட்டு எழுதினாலே சாட்சியா எடுக்கோணும், பக்கத்து வீட்டு ஆக்களின்ர சத்தியக் கடதாசியையும் எடுக்கோணும். மனுவை கொழும்புக்குக் கொண்டுபோகாமல் அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின்ர எம்ஓஎச் ஒஃபிஸிலயே குடுக்க ஏலோணும், ஃபோம் தமிழில இருக்கோணும், பதில் கடிதமும் தமிழில வரோணும். காணிக்கு, வீட்டுக்கு, காணாமல் போன ஆளுக்கு எண்டு ஃபோம் நிரப்பி நிரப்பிக் களைச்ச சனம் நாங்கள், இன்னொரு இருபது பக்க ஃபோமைத் தந்தா அப்பிடியே மடிச்சு வைச்சிடுவினம்.

காசு எங்கால எண்டு கேப்பினம், நாடு வங்குரோத்து எண்டு சொல்லுவினம். நான் அமெரிக்கா மாதிரி லட்சக்கணக்கில டொலர் கேக்கேல்லை. அவை 75 சதம் எடுக்கிற மாதிரி இங்க பிரைவேட் ஆஸ்பத்திரியில காசு குடுத்துப் போடுற ஊசியில ஒரு சின்னத் தொகை, அரசாங்கம் வாங்கிற மருந்தில ஒரு சின்னத் தொகை எண்டு ஒதுக்கினா ஒரு நிதி சேரும். ஆறு மாசத்துக்கு மேல தோள் மாறாத ஆளுக்கு இழந்த கூலி, ஸ்கேன் காசு, பிசியோதெரபிக்குப் போய் வாற பஸ் காசு, கடைசியா ஒப்பரேசன் தேவைப்பட்டா அதுக்கு. ஊசி பற்றி நம்பிக்கை குறையும் எண்டும் சிலர் சொல்லுவினம். எனக்கு அது விளங்கேல்லை. அக்காட கதையைக் கேட்ட எங்கட ஒழுங்கையில ஊசியெண்டா இப்ப பின்னுக்கு நிக்கிற ஆக்கள் இருக்கினம். பழுது வந்தா பாப்பம் எண்டு அரசாங்கம் எழுத்தில சொல்லியிருந்தா அவை நிக்க மாட்டினம்.

கோவிட் நேரத்தில இப்பிடி ஒண்டு வந்தது கனபேருக்குத் தெரியாது. கோவக்ஸ் எண்டு நாடுகளுக்குக் கோவிட் ஊசி பங்கிட்ட சர்வதேசத் திட்டம் ஊடா வந்த ஊசிகளுக்கு 2021ல உலக சுகாதார நிறுவனம் 92 நாடுகளுக்கு நட்டஈட்டுத் திட்டம் ஒண்டு தொடங்கினது, இலங்கையும் அதுக்குள்ள. ஆனா பாரதூரமான காயத்துக்குத்தான், அந்த வழியா வந்த ஊசிக்குத்தான், எங்கட பக்கம் கனபேருக்குக் குத்தினது சைனோபாம், அது நேரடியா வாங்கினதும் சீனா தந்ததும். திட்டம் இருக்கெண்டு ஒரு நோட்டீஸ் கூட எங்கட ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில நான் காணேல்லை. அப்பிடி ஒரு திட்டத்தில கையெழுத்து வைச்ச நாட்டுக்கு மற்ற ஊசிகளுக்கும் ஒண்டு செய்யிறது ஏலாத காரியம் இல்லை.

சட்டம் வரும்வரைக்கும் சனம் செய்யக்கூடியதையும் எழுதிவிடுறன். ஊசி போடேக்க எந்தக் கை எண்டு துண்டில எழுதச் சொல்லிக் கேளுங்கோ, மிஸி கோவிக்க மாட்டா. சட்டையைக் கழுத்தால இழுக்காதேங்கோ, பொம்பிளையள் கை தளர்வான சட்டையோட போங்கோ. மூண்டு நாளுக்கு மேல நோ இருந்து கை தூக்கிறது குறைஞ்சா எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் டொக்டரிட்டப் போய் ஊசிக்குப் பிறகு வந்தது எண்டு சொல்லி எழுதுவியுங்கோ, கெதியாத் தொடங்கினா பிசியோதெரபியிலயும் மூட்டுக்குப் போடுற மருந்திலயும் கனபேருக்குக் குறையும். எம்ஓஎச் ஒஃபிஸில சொல்லுங்கோ. தடுப்பூசிக்குப் பிறகு வாற பாதகங்களைப் பதியிற முறை இந்த நாட்டில 1996ல இருந்து இருக்கு, கொழும்பில தொற்றுநோயியல் பிரிவு அதைப் பாக்குது, ஆனா காய்ச்சல், வலிப்பு, அலர்ஜி வந்தாத்தான் பதியலாம் எண்டு சனம் நினைக்குது, தோள் நோவையும் பதியச் சொல்லிக் கேளுங்கோ. உங்கட பதிவுகளைத் தராட்டி 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில எழுதிக் கேக்கலாம். வழக்குப் போடுறதெண்டா ரெண்டு வருசத்தை மறவாதேங்கோ, காசில்லாதவை சட்ட உதவி ஆணைக்குழுவிட்டப் போங்கோ.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்மாரிட்டயும் சுகாதார அமைச்சிட்டயும் உங்கட நிருபர்மார் மூண்டு கேள்வி கேக்கோணும்: ஊசிக்குப் பிறகு தோள் பாதிக்கப்பட்டதெண்டு இதுவரைக்கும் எத்தினை பேரைப் பதிஞ்சிருக்கு, அதில வடக்கு மாகாணத்தில எத்தினை, அவையளில ஒருத்தருக்காவது ஒரு ரூபா குடுத்திருக்கோ. என்ன பதில் வந்தாலும், பதிலே வராட்டிலும், அதை அப்பிடியே பேப்பரில போடுங்கோ. அக்கா மாதிரி இன்னும் ஆக்கள் இருந்தா உங்கட பேப்பருக்கு எழுதட்டும், எல்லாத்தையும் சேர்த்து ஒரு மனுவா நாங்களே கொண்டுபோய்க் குடுக்கிறம்.

இப்படிக்கு,
புதுக்குடியிருப்பில இருந்து ஒரு வாசகி